வெறும் ஆணி

நாக்பூர்
11-2-2024

அன்புள்ள அண்ணனுக்கு வள்ளி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் ஹேமந்தும் மருமகள் சுமாவும் சுகமாக இருக்கிறோம். உன் முட்டி வலி குறைந்ததா? அண்ணி போன பிறகு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே பொழுது போகிறதா? சுனில், உன் மருமகள் நளினி, பேத்தி மேகனா எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று கேட்பாய். மைன்ஸில் டிரில் பிடித்துப் பிடித்து நீ காதைத் தொலைத்துவிட்டாய். போனில் நான் கத்தினால் உனக்குக் கேட்காது, சுமாவுக்குக் கேட்கும். அதனால்தான் லெட்டர்.

விஷயம் இதுதான். அடுத்த ஜனவரியில் நாம் இரண்டு பேரும் கன்னியாகுமரி போகிறோம். முடியாது என்று மட்டும் எழுதாதே. அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினான்கு. அப்பா மைன்ஸ் போனஸை நம்பி நம்மைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு கிளம்பினாரே. மதுரை ஸ்டேஷனிலேயே காசு தீர்ந்துபோனது. அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்துத்தான் ஊர் திரும்பினோம். நாம் மூன்று பேரும் இட்லி தின்றோம். அப்பா குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "எனுக்குப் பசியில்லம்மா" என்றார். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் கடல் பேச்சையே எடுக்கவில்லை.

அதனால் இந்த முறை பணம் முதலில், டிக்கெட் அப்புறம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு நான் மணியார்டர் அனுப்புகிறேன். நீயும் ஆயிரத்து ஐந்நூறு போடு. பன்னிரண்டு மாதத்தில் முப்பத்தாறாயிரம். ரயில், ரூம், சாப்பாடு எல்லாம் போக அவசரத்துக்குத் தனியாக ஐயாயிரம் இருக்க வேண்டும். போகிற இடத்தில் ஒரு சங்கைக் கையில் எடுத்து, விலை கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் ஆசை.

என் பென்ஷன் கார்டு ஹேமந்திடம் இருக்கிறது. கெட்டவன் இல்லை. ஆனால் வெளியே ஒரு டீ கேட்டால், "இப்பதானே குடிச்சே" என்பான். கைச்செலவுக்குத் தருவதில் மிச்சம் பிடித்து அனுப்புகிறேன். இங்கே வைத்தால் கேள்வி வரும். உன்னிடம் இருந்தால் எனக்கு நிம்மதி. முதல் மாதப் பணம் இந்த லெட்டரோடு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை வள்ளி


பாலகாட், கே.ஜி.எஃப்.
3-3-2024

அன்புள்ள வள்ளிக்கு அண்ணன் ஆசீர்வாதம். கடிதமும் பணமும் வந்தன. முட்டி அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன்.

முடியாது என்று எழுத எனக்கு என்ன பைத்தியமா? ஜெயகரனின் அரிசி மண்டியில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை இருக்கிறது. என் பங்கு அதிலிருந்து வரும். இந்த வேலைக்குக் காது தேவையில்லை.

உன் பணத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மைன்ஸில் எங்களுக்கு டோக்கன் பலகை இருந்தது உனக்குத் தெரியும். ஷாஃப்ட் குழியில் இறங்கும்போது அவனவன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கையோடு எடுத்துப் போவான். மேலே வந்ததும் பலகையில் தன் ஆணியில் மாட்டுவான். ஷிஃப்ட் முடிந்தும் வெறும் ஆணி இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று தேடப் போவார்கள். அதேபோல ஒரு பலகையில் பன்னிரண்டு ஆணி அடித்து, என் கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் பன்னிரண்டு டோக்கன் எடைக்குக் கிடைத்தது. அந்தந்த மாதம் இரண்டு பங்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போன பிறகுதான் ஒரு டோக்கன் ஆணிக்கு ஏறும். பணம் உள்ளே போகாமல் டோக்கன் ஏறாது. அது மைன்ஸ் சட்டம்.

பக்கத்து லைன் வீட்டு ஏசுபாதம் பலகையைப் பார்த்துவிட்டு, "கடலாண்ட போயி இன்னாடா பண்ணப் போறே? அங்க இன்னா ஷாஃப்டா கீது?" என்று சைகையோடு கத்தினான். பொறாமை.

இப்போது முதல் ஆணியில் ஒன்று தொங்குகிறது. ஹேமந்துக்கும் சுமாவுக்கும் என் ஆசி.

சம்பங்கி


நாக்பூர்
20-5-2024

அன்பு அண்ணாவுக்கு, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறையில்லை. உங்கள் பக்கம் மழை உண்டா?

உன் பலகையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பலகைக்குத் தினமும் குட்மார்னிங் சொல்கிறாயா? இந்த மாதப் பணம் அனுப்பிவிட்டேன். கீழ்வீட்டுப் பெண் வின்னி போனில் கன்னியாகுமரி ரூம் படம் காட்டினாள். ஜன்னலைத் திறந்தால் கடலாம். வாடகை கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும். ஜன்னல் இல்லாத ரூமில் படுக்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?

என் கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே. விரலில் லேசாக வெடிப்பு. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை. வேறொன்றும் இல்லை.

வள்ளி


பாலகாட்
9-6-2024

அன்புள்ள வள்ளிக்கு, நலம். நீ விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

பங்காருப்பேட்டையிலேயே கன்னியாகுமரி ரயில் நிற்கிறது. நீ இங்கே வந்து நாலு நாள் இரு. பிறகு சேர்ந்து ஏறலாம். ஐந்து டோக்கன் தொங்குகிறது. ஜன்னல் ரூமையே எடு.

மேகனாவுக்கு நாலு வயது ஆகிவிட்டது. எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறாளாம். என்னிடம் மட்டும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் கட்டை விரலை வாயில் வைத்துக் காட்டுகிறாள். கெட்டிக்காரப் பெண்.

சம்பங்கி


நாக்பூர்
2-9-2024

அண்ணாவுக்கு வணக்கம். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. சுனிலுக்குப் போன் செய்தேன். "அப்பா நல்லாதான் கீறார் அத்தை, ரயிலு வந்துடுச்சு" என்று வைத்துவிட்டான். விடியற்காலையில் பெங்களூருக்குப் போகிறவனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

பணமெல்லாம் வந்ததா? டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுது. சந்தேகம் இல்லை. கேட்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். மதியம் படுக்கும்போது அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

வள்ளி


பாலகாட்
19-9-2024

அன்புள்ள வள்ளிக்கு, நான் நலம். மண்டியில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை.

பலகையில் எட்டு டோக்கன் தொங்குகிறது.

பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் பரவாயில்லை என்கிறார்கள். எல்லோருக்கும் என் அன்பு.

சம்பங்கி


நாக்பூர்
21-10-2024

அன்பு அண்ணா, பண்டிகை நல்லபடியாக முடிந்தது. நீங்களும் பொரிகடலை வைத்துக் கும்பிட்டீர்களா?

ஆயுத பூஜை அன்று உன் போனுக்கே கூப்பிட்டேன். என்னமோ உன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. "ஆங்? ஆங்? கேக்கலம்மா, லெட்டர் போடு" என்று நீ நூறு தடவை சொன்னாய். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதே. ஊர்க்கதைதான்.

வின்னி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஜனவரி 20, பங்காருப்பேட்டையிலிருந்து இரண்டு பேருக்கும் கீழ் பெர்த். டிக்கெட்டை முதலில் போடக் கூடாதுதான். ஆனால் பணம்தான் இருக்கிறதே. ஹேமந்திடமும் சொல்லிவிட்டேன். "செலவுக்கு?" என்றான். "எங்கண்ணன்கிட்ட இருக்குது" என்றேன். அண்ணா, அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

வள்ளி


பாலகாட்
14-11-2024

வள்ளிக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

பலகையில் பத்து டோக்கன் தொங்குகிறது. டப்பாவில் முப்பதாயிரம் இருக்க வேண்டும். பன்னிரண்டாயிரம்தான் இருக்கிறது. முதல் ஆறு மாதப் பணம், உன் ஒன்பதாயிரமும் என் ஒன்பதாயிரமும், ஆகஸ்ட் மாதம் ஒரே காலையில் செலவானது. ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. சுனிலுக்கும் கொடுக்கவில்லை. எனக்காகத்தான் செலவு செய்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் காது மிஷின் தள்ளுபடி என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். சும்மா பார்க்கத்தான் போனேன். அந்தப் பெண் என் காதில் மாட்டிவிட்டு, "தாத்தா, கேக்குதா?" என்றாள். வள்ளி, கேட்டது. வெளியே ஆட்டோ போவதும், என் சட்டை உரசுவதும், எல்லாமே கேட்டது. பதினெட்டாயிரம் என்றாள். இன்று மட்டும்தான் இந்த விலை என்றாள். வீட்டுக்கு வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று கேட்காமலே போனேன். சுனிலிடம் இலவச கேம்ப்பில் கொடுத்தார்கள் என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மேகனா தண்ணீருக்குக் கட்டை விரலைக் காட்டினாள். "வாயைத் திறந்து கேளுடி" என்றேன். "தாத்தா, தண்ணி" என்றாள். அவள் குரலை முதல் முறையாகக் கேட்டேன். சந்தோஷத்தில் எனக்கு உன் ஞாபகம் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று ராத்திரிகூட இல்லை, மறுநாள் பகலில்தான் பலகையைப் பார்த்தேன். ஆறு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டும் என்று தெரியும். கழற்றவில்லை. நீ எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுதச் சொன்னாய். நான் டோக்கனை எண்ணி எழுதினேன்.

இதில் எனக்குப் பழக்கம் உண்டு. உனக்கு இது தெரியாது, நீ அப்போது கல்யாணமாகி நாக்பூரில் இருந்தாய். எண்பத்துநாலில் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து, மேலே தூக்குகிற கேஜில் ஏறும்போது ஏசுபாதம் டிபன் பாக்ஸை மறந்துவிட்டான். "நீ போடா, என்னுதையும் சேர்த்து மாட்டிடு, அடுத்த கேஜ்ல வரேன்" என்று டோக்கனை என் கையில் கொடுத்தான். அடுத்தவன் டோக்கனை மாட்டக் கூடாது. எனக்குப் பசி. மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கீழே கல் சரிந்து அவன் காலில் விழுந்தது. பலகையில் அவன் டோக்கன் தொங்குகிறது, யார் தேடுவார்கள்? ஆறு மணி நேரம் கிடந்தான். அவன் நொண்டுவது அதனால்தான். இன்றுவரை அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இத்தனைக்குப் பிறகும் மறுபடியும் மேலே வராத ஆளுக்கு டோக்கன் மாட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜை அன்று நீ கூப்பிட்டபோது என் காதில் மிஷின் இருந்தது. நீ பேசியது எல்லாம் கேட்டது. "உனுக்குக் கேக்காதுன்னு தெரியும்ணா. யார்கிட்டயாவது சொல்லணும், ஆனா யாருக்கும் கேக்கக் கூடாது, அதான் உனுக்குப் பண்ணேன்" என்று நீ ஆரம்பித்தாய். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னாய். ஹேமந்துக்குத் தெரியாமல், கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னாய். கை வெடித்து ரத்தம் வருகிறது, சோறு பிசைய முடியவில்லை என்றாய். "அண்ணனுக்கு எழுத வெக்கமா இருக்குதுணா" என்று அழுதாய்.

நான் "கேக்கலம்மா" என்றேன்.

நீ பாத்திரம் தேய்த்த காசில் வாங்கிய மிஷினை வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். காதில் போட்டதை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

ஆறு டோக்கனைக் கழற்றிவிட்டேன். நாலு இருக்கிறது. உன் ஒன்பதாயிரத்தை நான் போட்டாக வேண்டும். ஜனவரிக்குள் முடியாது. என்னைத் திட்டி எழுது.

சம்பங்கி


பாலகாட்
29-12-2024

வள்ளிக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. டிசம்பர் மணியார்டரும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் ஒரு கார்டு போடு. தபால்காரர் சைக்கிள் மணி முன்பெல்லாம் எனக்குக் கேட்காது. இப்போது தெருமுனையிலேயே கேட்கிறது. நம் வீட்டில் நிற்காமல் போவதும் கேட்கிறது.

சம்பங்கி


நாக்பூர்
20-1-2025

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கையும் பரவாயில்லை.

இன்றைக்கு நாம் பங்காருப்பேட்டையில் ரயில் ஏறியிருக்க வேண்டிய நாள். டிக்கெட்டை வின்னி போன வாரம் ரத்து செய்தாள். இருக்கிற பணத்தில் போகலாமே என்று அவள் சொன்னாள். வேண்டாம் என்றேன். மதுரையோடு திரும்பி வருகிற பயணம் எனக்கு ஒருமுறை போதும். ஹேமந்த், "மாமாகிட்ட பணம் இருக்குதுன்னியே?" என்று கேட்டான். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். உனக்காக நானும் ஒரு பொய் சொல்லியாயிற்று.

மூன்று லெட்டர் எழுதிக் கிழித்தேன். பணத்தை எடுத்ததற்கு ஒரு பங்கு கோபம். "கேக்கலம்மா" என்றாயே, அதற்கு ஒன்பது பங்கு. அறுபது வயதில் பற்றுப்பாத்திரம் தேய்க்கிறேன் என்று நான் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. கேட்காத காது என்று நம்பித்தான் கொட்டினேன். கேட்டுவிட்டு நீ எப்படி அண்ணா சும்மா இருந்தாய்? "ஏன்டி அழுறே" என்று ஒரு வார்த்தை வரவில்லையா? வந்திருந்தால் பதினெட்டாயிரத்தையும் அப்போதே விட்டிருப்பேன்.

முன்னாலேயே மிஷினுக்கு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். காது போய் இருபது வருஷமாயிற்று, இன்னும் ஒரு வருஷம் பொறு, முதலில் கடல் என்றிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதை நினைத்தால் நானும் சுத்தமில்லை என்று ஆகிறது. அதனால்தான் எழுத இவ்வளவு நாள் ஆனது.

திட்டி எழுதச் சொன்னாய். எழுத மாட்டேன். எழுதினால் பாதி படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். நான் போகவில்லை. பேட்டரி போட்டு, மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார். ஒரு வார்த்தை விடாமல் உன் காதில் விழ வேண்டும்.

வள்ளி


பாலகாட்
2-2-2025

அன்புள்ள வள்ளிக்கு,

மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம் திட்டினாய். நடுவில் நீ மூக்கைச் சிந்தியதும், ஒரு தடவை தண்ணீர் குடித்ததும்கூடக் கேட்டது. மிஷினைக் கழற்றிவிடலாமா என்று இரண்டு முறை கை போனது. கழற்றவில்லை. கடைசியில் "கேக்குதா?" என்றாய். "கேக்குதும்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

வேலையை விடு என்று உன்னிடம் சொன்னேன். ஒரு வீட்டைத்தான் விடுவேன் என்றாய். கையுறை வாங்கிப் போட்டுக்கொள்.

ஜெயகரனிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமையும் மண்டிக்குப் போகிறேன். முதல் மாதத்தின் மூவாயிரத்தை நேற்று டப்பாவில் போட்டேன். ஆனால் டோக்கனை நான் மாட்டவில்லை. ஏசுபாதத்தைக் கூப்பிட்டேன். எதற்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன், எண்பத்துநாலையும் சொன்னேன். அவன் பலகையைப் பார்த்தான். "நாப்பது வருஷம் ஆச்சாடா உனுக்கு?" என்றான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினான். நொண்டிக்கொண்டே எழுந்து போய் டோக்கனை மாட்டினான். இனிமேல் மாதாமாதம் அவன்தான் மாட்டுவான். கடலுக்கு அவனும் வரட்டுமா என்று கேட்டான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை உன்னைக் கேட்டுத்தான்.

பலகையில் ஐந்து டோக்கன் தொங்குகிறது. டப்பாவில் பதினைந்தாயிரம் இருக்கிறது, அவன் எண்ணியது. மற்ற ஏழும் வெறும் ஆணி.

அண்ணன்
சம்பங்கி